பழைய எஸ்கார்ட் ரேலி கார்: பின் டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றும் முறை

பின் சக்கரங்களில் டிஸ்க் போட்டுவிட்டால் கார் முன்பைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்ற நம்பிக்கையோடுதான் பலரும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். அப்படி நிற்காது. பிரேக்கை மிதித்ததும் எடை முன்னால் சாய்கிறது. முன்புறம் என்ஜின் உள்ள இலகுவான காரில் நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன் சக்கரங்களே செய்கின்றன. டிஸ்க்கால் கிடைக்கும் லாபம் வேறு. நீண்ட இறக்கத்தில் சூடேறினாலும், ஓடைத் தண்ணீரில் முங்கி எழுந்தாலும் பிடிப்பு அதிகம் மாறாது. டிரம்முக்குள் சுழற்சியோடு இழுபடும் ஷூ (டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் உராய்வுக் கட்டை) தன்னைத்தானே மேலும் இறுக்கிக்கொள்கிறது; அதனால் உராய்வு சற்று மாறினாலும் பிடிப்பு அதைவிடப் பெரிதாக மாறிவிடும். டிஸ்க்கில் அந்தக் குணம் இல்லை. பேட் (டிஸ்க்கை அழுத்தும் உராய்வுக் கட்டை) மாற்றுவதும் எளிது.

அதே காரணத்தால், டிரம்முக்காகக் கணக்கிட்ட முன்–பின் அழுத்தப் பங்கீடு டிஸ்க்குக்குப் பொருந்தாது. போல்ட் முறுக்குவது இந்த வேலையில் சிறு பகுதிதான். பங்கீட்டைச் சரிசெய்வதும் ஹேண்ட்பிரேக்குக்கு வழி காண்பதுமே பெரிய வேலை. மாற்றுவதற்கான பாகங்களைத் தொகுப்பாக, அதாவது கிட்டாக, விற்பவர்களின் விளம்பரத்தில் இவை இரண்டும் இருந்தால் கடைசி வரியில் இருக்கும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கார் ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2. 1972 முதல் 1979 வரை பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ரேலியை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து வென்றவை எஸ்கார்ட் கார்கள்தான். 1981இல் அரி வாட்டனென் உலகப் பட்டம் வென்றதும் எஸ்கார்ட் ஆர்.எஸ்.1800இல்தான். அந்த ஆர்.எஸ்.1800 போட்டிக் கார்களுக்குப் பின்புறமும் டிஸ்க் இருந்தது. கடையில் விற்ற சாதாரண எஸ்கார்ட்டுக்கு டிரம்தான்.

வாங்குவதற்கு முன்

முதலில் உங்கள் ஆக்சில் (பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு) எது என்று பாருங்கள். காருக்குப் பின்னால் குனிந்து பார்க்கும்போது, ஆக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் பின்பக்கத்தில் போல்ட் போட்ட மூடி தெரிந்தால் அது அட்லஸ் ஆக்சில். மூடி இல்லாமல் மழமழவென்று இருந்தால் இங்கிலீஷ் ஆக்சில். டிஸ்க்கை பேட்டுகளால் கவ்வும் பாகமான காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் இரண்டுக்கும் வேறு.

வரலாற்றுக் கார்களுக்கான போட்டியில் ஓட்டுவதாக இருந்தால், உங்கள் வகுப்புக்கான ஹோமோலகேஷன் தாளை (எந்தப் பாகங்களுக்கு அனுமதி என்று சொல்லும் ஆவணம்) படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். தாளில் இல்லாத டிஸ்க்கோடு போனால் தொழில்நுட்பப் பரிசோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஹேண்ட்பிரேக்கையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். ரேலிக்காரர்கள் விரும்புவது ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக். கொண்டை ஊசி வளைவில் இழுத்தால் பின் சக்கரங்கள் உடனே பூட்டிக்கொள்ளும். ஆனால் அதை நம்பிக் காரை நிறுத்திவிட்டுப் போக முடியாது. பிரிட்டன் சாலைகளில் ஓடும் காரின் நிறுத்து பிரேக், இயந்திர இணைப்பின் பலத்தில் மட்டுமே பிடித்து நிற்க வேண்டும். இரட்டைச் சுற்று பிரேக் (எண்ணெய் வழி இரண்டாகப் பிரிந்த அமைப்பு) உள்ள கார்களுக்கு, அங்குள்ள வாகனத் தகுதிச் சோதனையான எம்.ஓ.டி.யில் அதன் திறன் குறைந்தது 16 சதவீதம் இருக்க வேண்டும். ஆகவே கேபிள் இழுக்கும் நெம்பு உள்ள காலிப்பரை வாங்குங்கள், அல்லது கேபிளுக்கென்று தனியாக ஒரு சிறு காலிப்பர் வையுங்கள். முதல் வழி மலிவு. முதல் முறை செய்பவருக்கு நான் அதையே சொல்வேன்.

டிஸ்க் அளவில் பேராசை வேண்டாம். எஸ்கார்ட்டின் வேகமான வகையான ஆர்.எஸ்.2000இன் முன் டிஸ்க்கே ஏறத்தாழ 245 மி.மீ.தான். முன்புறத்தை மேம்படுத்தாமல் பின்னால் பெரிய டிஸ்க் போடுவது, கார் சுழல்வதற்கு நாமே ஏற்பாடு செய்வதாகும்.

1. கழற்றுதல்

சமதளத்தில் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்னால் ஜாக்கில் தூக்கி, ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்டு நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவும் கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துணியில் துடைத்து, உறையில் போட்டுக் கட்டுங்கள்.

டிரம்மை எடுத்தால் ஆக்சில் ஷாஃப்ட்டின் தட்டு தெரியும். அதிலுள்ள துளை வழியாக சாக்கெட்டை விட்டால், பேரிங்கைப் பிடித்திருக்கும் தகட்டின் நான்கு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பிறகு ஷாஃப்ட்டை வெளியே இழுக்க வேண்டும். சறுக்குச் சுத்தியல் (எடையைச் சறுக்கவிட்டு வெட்டி இழுக்கும் கருவி) இல்லாதவர்கள், டிரம்மைத் திருப்பி வைத்து நட்டுகளைத் தளர்வாகப் போட்டு, அதையே வெளிப்புறமாகப் பலமுறை வெட்டி இழுப்பார்கள். அழகான முறை அல்ல. ஆனால் ஷாஃப்ட் வந்துவிடும்.

ஷாஃப்ட் கையில் இருக்கும்போதே பேரிங்கைச் சுற்றிப் பாருங்கள். சிறிது ஆட்டம் இருந்தாலும் மாற்றுங்கள். அதைப் பிடித்திருக்கும் வளையம் ஒருமுறை மட்டுமே பயன்படும், ஏற்றுவதற்கு ப்ரெஸ் வேண்டும். பட்டறையில் கொடுத்துவிடுவதே நல்லது. டிரம் பிரேக் பேரிங் ஆட்டத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், டிஸ்க் பொறுக்காது. ஷாஃப்ட் ஆடினால் டிஸ்க்கும் ஆடி, பேட்டுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஒரு கணக்குப் பாருங்கள். 38 மி.மீ. பிஸ்டன் உள்ள இரண்டு காலிப்பர்களிலும் பிஸ்டன் 1 மி.மீ. பின்வாங்கினால், அதை நிரப்ப சுமார் 2.3 கன செ.மீ. எண்ணெய் போக வேண்டும். பெடலை மிதித்ததும் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் 0.70 அங்குலம் என்றால் அதில் அது 9 மி.மீ. பயணம். பெடல் விகிதம் ஐந்துக்கு ஒன்று என்றால் காலுக்கடியில் 45 மி.மீ. வெறுமனே இறங்கிப் போகும். வளைவு தாண்டி அடுத்த பிரேக்குக்குக் காலை வைக்கும்போது இது நடந்தால் எப்படி இருக்கும்? சறுக்கி நகரும் வகைக் காலிப்பரில் இந்தத் தொல்லை குறைவு.

2. பிராக்கெட், டிஸ்க், காலிப்பர்

டிரம்மின் பின்தகட்டைக் கழற்றி, அதே இடத்தில் பிராக்கெட்டைப் பொருத்துங்கள். பிராக்கெட்டின் தடிமன் பழைய தகட்டின் தடிமனோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் கிட்டோடு வரும் இடைத்தகட்டைச் சேர்க்க வேண்டும். தடிமன் குறைந்தால் பேரிங் இறுகாமல் நிற்கும். அதிகமானால் தகடு முழுமையாக அமராது. சீலைப் புதிதாகப் போடுங்கள். டிஃபரென்ஷியல் எண்ணெய் பேட்டில் பட்டால் அந்த பேட் குப்பைக்குத்தான்.

ஷாஃப்ட் தட்டின் துருவைக் கம்பித் தூரிகையால் முழுவதும் தேய்த்தெடுத்த பிறகே டிஸ்க்கை மாட்டுங்கள். நட்டுகளை முறுக்கி, டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் விளிம்பின் அசைவு 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டிஸ்க்கின் மையத்தட்டு டிரம்மைவிடத் தடிமனாக இருந்தால் பழைய சக்கர போல்ட் நீளம் போதாது. நட்டுக்குள் குறைந்தது போல்ட்டின் விட்டம் அளவுக்கு மரை இறங்க வேண்டும்.

காலிப்பரை மாட்டும்போது இரண்டு விஷயங்கள். டிஸ்க் காலிப்பரின் நடுவில் வரும்படி வாஷர் வைத்துச் சரிசெய்யுங்கள். அடுத்து, ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்நோக்கி இருக்க வேண்டும். இடது வலது மாறிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும், மேலே தங்கும் காற்று ஒருநாளும் வெளியே வராது. கேபிள் நெம்பு உள்ள காலிப்பரின் பிஸ்டனைச் சுழற்றித்தான் உள்ளே தள்ள வேண்டும். சி-கிளாம்ப் வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் இயந்திரம் உடையும்.

3. பைப், ஹோஸ், மரை

காரின் உடலிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ஹோஸையும் மூவழி இணைப்பையும் வைத்துக்கொள்ளலாம், ஹோஸைப் புதிதாக மாற்றி. அங்கிருந்து இருபுறமும் 3/16 அங்குல செம்பு–நிக்கல் பைப். காலிப்பரை நெருங்கும் இடத்தில் குட்டையான வளையும் ஹோஸ் கட்டாயம் வேண்டும். சறுக்கி நகரும் காலிப்பருக்கு விறைப்பான பைப்பை நேராகக் கொடுத்தால், அது ஆடி ஆடி விரிசல் விடும்.

மரையில் கவனம். அக்காலத்து பிரிட்டிஷ் கார்களில் அங்குல அளவான 3/8 யு.என்.எஃப். மரை அதிகம், புதிய காலிப்பர்களில் மெட்ரிக் அளவான எம்10. சிறியதான 3/8 நட்டு எம்10 துளைக்குள் போய்ச் சில சுற்றுகள் பிடித்ததுபோல் ஏமாற்றும், அழுத்தம் வந்ததும் பிய்த்துக்கொள்ளும். பைப் முனையின் விரிவும் இரண்டு வகைப்படும். காலிப்பரின் இருக்கைக்கு எது பொருந்தும் என்று பார்த்துவிட்டு முனையை விரியுங்கள்.

4. மாஸ்டர் சிலிண்டரும் பங்கீடும்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். டிரம்முக்கு எண்ணெய் அனுப்பும் சுற்றில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தேக்கும் வால்வு இருந்தால் எடுத்துவிடுங்கள். டிஸ்க்கில் அது பேட்டை எந்நேரமும் உரசவைத்துச் சூடேற்றும்.

பெடல் பாக்ஸில் இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களும், அவற்றுக்கிடையே காலழுத்தத்தைப் பிரிக்கும் பயஸ் பாரும் இருந்தால் பின் சிலிண்டரின் அளவை மாற்றலாம். 0.70 அங்குலத்திலிருந்து 0.625க்கு இறங்கினால், அதே காலழுத்தத்துக்கு எண்ணெயின் அழுத்தம் 25 சதவீதம் கூடும். பயணமும் அதே அளவு கூடும். முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர்தான் என்றால், பின் பைப்பில் திருகிச் சரிசெய்யும் வால்வைச் சேருங்கள். ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக்கும் சேர்த்து வைப்பதாக இருந்தால், அதன் சிலிண்டரை அந்த வால்வுக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் வையுங்கள். வால்வுக்கு முன்னால் வைத்தால், நெம்பை எவ்வளவு இழுத்தாலும் வால்வு குறுக்கே நிற்கும்.

5. எண்ணெயும் ஏரும்

டாட் 4 அல்லது டாட் 5.1 தர பிரேக் எண்ணெய் போதும். புதிய எண்ணெயின் கொதிநிலை டாட் 4க்குக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 5.1க்கு 260. டாட் 5 என்பது சிலிக்கோன். பெயர் ஒத்திருக்கிறதே என்று கலக்காதீர்கள். தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள். ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் இருந்தால் அதன் சிலிண்டரில் காற்று ஒளிந்துகொள்ளும்; நடுநடுவே நெம்பையும் இழுத்து விடுங்கள். பெடல் கெட்டிப்பட்ட பிறகு, காலிப்பர் தானே சரிசெய்துகொள்ளும்வரை பலமுறை மிதியுங்கள். கேபிளை அதற்குப் பின்பே பூட்டி, இழுவிசையை அமையுங்கள்.

6. ஓட்டிப் பார்த்தல்

சாலையில் இதைச் செய்யாதீர்கள். ஆளில்லாத தனியார் இடம் வேண்டும். பின் அழுத்தத்தை மிகக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். பேட்டுகளை மிதமான வேகத்தில் சூடேற்றி, ஆறவிட்டுப் பதப்படுத்துங்கள். பிறகு வெளியே ஒருவரை நிறுத்தி, எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முன் சக்கரம் சற்றே முந்த வேண்டும். அந்த நிலை வரும்வரை பின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

வழுக்கும் தரையில் எடை முன்னால் சாய்வது குறைவு. ஆகவே சரளைக்கு அமைக்கும்போது பின்பங்கு கூடுதலாக வரும். அதே அமைப்போடு காய்ந்த தார்ச்சாலைக்கு வந்தால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக் கார் குறுக்கே திரும்பும். அதனால் தாருக்கு ஒன்று, சரளைக்கு ஒன்று என்று பயஸ் பார் குமிழின் அல்லது வால்வுத் திருகின் சுற்றுகளைக் குறித்து டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.

வீடு திரும்பியதும் சக்கரங்களைக் கழற்றி, பிராக்கெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். ஆக்சிலை முழுவதும் தொங்கவிட்டு ஹோஸ் இழுபடுகிறதா என்றும், ஆக்சில் மேலேறும்போது டயரில் உரசுகிறதா என்றும் சோதியுங்கள். இரண்டு பக்க பேட்டுகளும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகமென்றால் அந்தக் காலிப்பரின் சறுக்கு ஊசி சிக்கியிருக்கிறது, அல்லது கேபிள் இறுக்கமாக இருக்கிறது.