முதலில் ஐந்து வரி, பிறகு விவாதம், அப்புறம் கட்டுரை

கல்லூரி முதலாண்டிலும் பி.எட். வகுப்பிலும் குழு விவாதம் நடத்துகிறோம், அசைன்மென்ட்டும் கொடுக்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே முடிந்துவிடுகின்றன. விவாதத்தில் பேச்சு வருகிற நாலு பேர் பேசுகிறார்கள். அசைன்மென்ட் இணையத்திலிருந்து இறங்குகிறது. இரண்டையும் பிணைத்தால்தான் மாணவர் "முதலில் என்ன நினைத்தேன், இப்போது எதை வைத்து இப்படி நினைக்கிறேன்" என்று தன்னையே கேட்டுப் பார்ப்பார். அதற்கு ஒரு வகுப்பு நேரமும் வீட்டில் ஒரு மாலையும் போதும்.

1. தலைப்பு

"சுற்றுச்சூழல் மாசு" போன்ற அகலமான தலைப்பு வேண்டாம். எல்லோரும் ஒரே பக்கம் நின்றுவிடுவார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும், கையில் வைத்துப் படிக்க ஓர் ஆவணமும் இருக்க வேண்டும். வேலூரில் அதற்குப் பஞ்சமில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கை எடுத்துக்கொள்வோம். அதில் உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று தீர்ப்பளித்தது. கேடு முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. அன்றைய வடஆற்காடு அம்பேத்கர் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

கேள்வியை இப்படி வையுங்கள்: "மாசுபடுத்தும் தோல் தொழிற்சாலையை மூடச் சொல்வது நியாயமா?" தீர்ப்பின் இரண்டு மூன்று பக்கங்களை முந்தைய நாளே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

2. பேசுவதற்கு முன் ஐந்து வரி

பலரும் தாண்டிப் போகிற படி இது. எங்கள் கணிப்பில் இதுதான் முக்கியமானது. ஐந்து நிமிடம், ஐந்து வரி, தேதி போட்டு, பேனாவில். "என் கருத்து இது, காரணம் இது" என்று எழுதினால் போதும். பென்சில் கொடுத்தால் விவாதத்துக்குப் பிறகு அழித்துத் திருத்திவிடுவார்கள். எழுதாமலே விட்டாலோ, கேட்டதையெல்லாம் "இது எனக்கு முன்பே தெரியும்" என்று மனசு சேர்த்துக்கொள்ளும். அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

3. விவாதம்: 25 நிமிடம்

குழுவுக்கு ஆறு பேர். எட்டைத் தாண்டினால் இரண்டு பேராவது வாயே திறக்க மாட்டார்கள். நண்பர்களை ஒரே குழுவில் போடாதீர்கள். பெஞ்ச் நகராது என்றால் முன்வரிசை மூன்று பேர் பின்னால் திரும்பி உட்காரட்டும்.

முதல் ஆறு நிமிடம் ஆளுக்கு ஒரு நிமிடம், குறுக்கே யாரும் பேசக்கூடாது. அடுத்த பதினைந்து நிமிடம் திறந்த விவாதம். கடைசி நான்கு நிமிடம் குறிப்பெடுத்தவர் வாசிக்க வேண்டும். அவர் நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் சொன்ன கருத்தையும் வலப்பக்கம் அதற்கான ஆதாரத்தையும் எழுதட்டும். வலப்பக்கம் காலியாக நிற்கும் இடங்கள்தான் அன்றைய வீட்டுப்பாடம்.

இங்கே அதிகம் கெடுவது பட்டிமன்றப் பழக்கத்தால். அங்கே அணி மாறினால் தோல்வி. அதே நினைப்பில் மாணவர்கள் கடைசி வரை விட்டுக்கொடுக்காமல் நிற்பார்கள். தொடக்கத்திலிருந்து பதினைந்தாவது நிமிடம் வந்ததும் நிறுத்தி, எதிர்ப்பக்கத்தின் வலுவான காரணத்தை ஆளுக்கொன்று சொல்லச் சொல்லுங்கள். பேச்சின் சூடு அங்கேயே தணியும்.

4. அன்று இரவே 300 சொல்

மறுநாளைக்குத் தள்ளினால் யார் என்ன சொன்னார் என்பது மறந்து, பொதுப்பேச்சுதான் மிஞ்சும். பட்ட அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுத, கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் தந்த ஆறு கட்டங்கள் நல்ல சட்டகம்: நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, அலசல், முடிவு, அடுத்துச் செய்வது. புதிதாக எழுதுகிறவர்கள் முதல் இரண்டிலேயே பக்கத்தை நிரப்பிவிடுவார்கள். அந்த இரண்டுக்கும் சேர்த்து 80 சொல், அதற்கு மேல் கூடாது. அலசலுக்கு மட்டும் 120 ஒதுக்குங்கள்.

தேறாத எழுத்து இப்படி இருக்கும்: "இந்த விவாதம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது. பல புதிய கருத்துகளை அறிந்துகொண்டேன்." எந்த விவாதத்துக்கும் பொருந்துகிற வரிகள் இவை. தேறிய எழுத்து:

"'எல்லாத் தொழிற்சாலையையும் மூட வேண்டும்' என்று முதலில் எழுதியிருந்தேன். 'மூடிட்டா எங்க சித்தப்பா இன்னா பண்ணுவாரு?' என்று குழுவில் ஒருவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தீர்ப்பைத் திரும்பப் படித்தேன். தோல் தொழில் வேலை தருகிறது, அந்நியச் செலாவணி ஈட்டுகிறது என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் சுற்றுச்சூழலை அழிக்க அதற்கு உரிமையில்லை என்கிறது. சுத்திகரிப்பு வசதி செய்ய அவகாசமும் தருகிறது. அதனால் 'எல்லாவற்றையும்' என்ற என் சொல் நிற்காது."

'நான்' என்று எழுதுவது இந்த வகைக் கட்டுரையில் பிழையல்ல. சிவப்பு மையால் அடிக்காதீர்கள். தீர்ப்பிலிருந்து எடுத்த வரிக்கு நீதிமன்றம், ஆண்டு, பக்கம் மூன்றும் வேண்டும். சக மாணவர் சொன்னதை "குழுவில் ஒருவர்" என்று குறிப்பிட்டால் போதும், தன் கருத்தாக எழுதிக்கொள்ளக் கூடாது.

5. மதிப்பெண்

பத்துக்கு: ஆதாரம் 4, காரணம் 4, மொழி 2. கருத்து மாறியதற்கு மதிப்பெண் கொடுத்தால் மாறாதவரும் மாறியதாக எழுதுவார். "என் கருத்து மாறவில்லை, ஏனென்றால்..." என்று ஆதாரத்தோடு எழுதியவருக்கும் முழு மதிப்பெண் உண்டு. அந்த ஐந்து வரித் தாளைக் கட்டுரையோடு பின் அடித்தே வாங்குங்கள். அது இல்லாத கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.