கல்லூரிக்குப் போகும்முன்: சுங்கை சிப்புட் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதி) தேர்வு முடிந்த கையோடு பாதிப் பேர் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரங்காடி, பெட்ரோல் நிலையம், ஈப்போ பக்கம் தொழிற்சாலை என்று கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடுவார்கள். அதில் தவறில்லை, வீட்டுக்கும் உதவிதான். ஆனால் தேர்வுக்கும் முடிவுக்கும் நடுவில் கிடைக்கும் அந்தச் சில மாதங்கள்தான் கல்லூரிக்குத் தயாராக வேண்டிய காலம். படித்த அண்ணனோ அக்காவோ இருக்கும் வீட்டில் இது பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவிடும். ரப்பர், செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் பல பிள்ளைகள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிறவர்கள். அவர்களுக்கு யார் சொல்வது? ஐந்தாம் படிவத்தில் இருந்த என்னை யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த வயதுப் பிள்ளையிடம் பேசுவதாகவே நினைப்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, முதலில் கூப்பிடுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவது. தேர்வு முடிவு வருவதற்குள்ளேயே தனியார் கல்லூரி முகவர்கள் வாட்ஸ்அப்பில் வந்துவிடுவார்கள். மடிக்கணினி இலவசம், பி.டி.பி.டி.என். (அரசாங்க உயர்கல்வி நிதி) கடன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், இன்றைக்கே பதிவுக் கட்டணம் கட்டினால் இடம் உறுதி என்பார்கள். பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அப்பா அம்மாவுக்கும் நிம்மதி. அரசாங்கப் பல்கலைக்கழகம், பொலிடெக்னிக் (தொழில்நுட்பக் கல்லூரி), மெட்ரிகுலேஷன் (பட்டப்படிப்புக்கு முந்தைய அரசாங்க வகுப்பு) இவற்றின் பதில் பெரும்பாலும் அப்புறம்தான் வரும். அது வரும்போது இங்கே ஒரு பருவக் கட்டணம் கட்டியாகியிருக்கும். திரும்ப வராத அந்தப் பணத்துக்காகவே, வந்த நல்ல இடத்தை விட்டுவிடுகிற பிள்ளைகள் உண்டு.

தனியார் கல்லூரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கையெழுத்துக்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடு என்கிறேன். உதாரணத்துக்கு, ஆண்டுக் கட்டணம் 20,000 ரிங்கிட், கிடைக்கும் கடன் 12,000 என்று வைத்துக்கொள். மீதி 8,000. மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 667 ரிங்கிட். அறை வாடகை, சாப்பாடு, பேருந்து எல்லாம் இதற்கு மேல். 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்த ஒரு சம்பளத்தில் ஓடுகிற வீட்டில் மாதா மாதம் 667 எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை அப்பா முன்னால் வெளிப்படையாகக் கேள். கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. கேட்காமல் விட்டால் இரண்டாம் ஆண்டில் அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகும், அல்லது அப்பா ஆலோங் என்கிற உரிமமில்லாத வட்டிக்காரனிடம் போய் நிற்பார்.

அப்புறம், அந்தப் படிப்புக்கு எம்.க்யூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று நீயே பார். மலேசியத் தகுதி முகமையின் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. கல்லூரியின் பெயரை மட்டும் தேடினால் போதாது. கல்லூரி பதிவு பெற்றதாக இருக்கும், நீ சேரப்போகும் படிப்பு அதில் இருக்காது. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடன் கிடைக்காது, அரசாங்க வேலைக்கும் அந்தச் சான்றிதழ் செல்லாது. முகவர் அனுப்பும் துண்டறிக்கையை இதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதே.

இரண்டாவது தவறு, ஒரே வழியை மட்டும் நம்பி உட்காருவது. மெட்ரிகுலேஷன் கிடைத்தால் போவோம், இல்லாவிட்டால் வேலை என்று எத்தனை பேர் நிறுத்திவிடுகிறார்கள்! எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இனத்தவருக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் ஐந்து ஏ, ஆறு ஏ என்று நிற்கிறவர்கள். அவர்களுக்கு ஆறாம் படிவம் என்ற வழி இருக்கிறது. அதைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள்: கஷ்டம், மறுபடியும் பள்ளிச் சீருடையா என்று. எஸ்.டி.பி.எம். என்ற ஆறாம் படிவத் தேர்வு 2012 முதல் மூன்று பருவமாகப் பிரித்து நடத்தப்படுகிறது. எல்லாவற்றையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுதுகிற பழைய முறை இப்போது இல்லை. ஒரு பருவத்தில் சறுக்கினால் அந்தத் தாளை மறுபடி எழுதலாம். செலவோ மிகக் குறைவு, வீட்டுச் சாப்பாடு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் சான்றிதழ் அது. பணமில்லாத வீட்டுப் பிள்ளை பட்டப்படிப்புக்குப் போக இதைவிட நேர்மையான பாதை இந்த நாட்டில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கைத்தொழிலில் மனம் இருந்தால் பொலிடெக்னிக்கை ஏளனமாக நினைக்காதே. நாட்டின் முதல் பொலிடெக்னிக்கான உங்கு ஓமார், 1969-இலிருந்து பக்கத்திலேயே ஈப்போவில் இருக்கிறது. டாக்டர், வக்கீல் இரண்டைத் தவிர வேறு படிப்பே தெரியாத உறவினர்கள் கல்யாண வீட்டில் என்ன சொன்னாலும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒவ்வொரு வழிக்கும் விண்ணப்பத் தேதி வேறு, விதிமுறையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன வருடம் விண்ணப்பித்த பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதை அப்படியே நம்பாமல், இந்த ஆண்டு அறிவிப்பை நீயே வாசி. எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துவிட்டு, பதில் வந்த பிறகு தேர்ந்தெடு. யூ.பி.யு. (அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவு) வழியாக இடம் கிடைக்காவிட்டாலும் மேல்முறையீடு உண்டு. அதற்குச் சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள். சோர்ந்துபோய்க் கைப்பேசியைத் தூக்கிப் போட்டுவிட்டால் அந்த நாட்கள் ஓடிவிடும்.

அடுத்தது பத்திரங்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதே. தோட்டத்துக் குடும்பங்களில் இது பெரிய விஷயம். பிறப்புப் பத்திரம், உன் அடையாள அட்டை, அப்பா அம்மாவின் அடையாள அட்டை, திருமணப் பதிவுச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் பரப்பி, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார். அப்பாவின் அட்டையில் சுப்ரமணியம் என்று இருக்கும், உன் பிறப்புப் பத்திரத்தில் சுப்பிரமணியன் என்று இருக்கும். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீசில் யாரோ கேட்டு எழுதியது அப்படியே நின்றிருக்கும். சில வீடுகளில் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணம் பதிவே ஆகியிருக்காது. அம்மாவிடம் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான் இருக்கும், பிள்ளையின் குடியுரிமையும் சிக்கலில் இருக்கும். தேசியப் பதிவிலாகாவில் இதையெல்லாம் சரிசெய்ய மாதங்கள் பிடிக்கும், குடியுரிமைச் சிக்கல் என்றால் ஆண்டுகள்கூட ஆகும். வாய்ப்புக் கடிதம் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. நான்காம் படிவத்திலேயே பார்த்துவிடு. எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து உறுதிப்படுத்தி, ஒரே கோப்பில் போட்டுவை. அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லை, குத்தகைக்குச் செம்பனை வெட்டுகிறார் என்றால், வருமானத்தை யாரிடம் உறுதிப்படுத்த வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவை.

அதே கோப்பில் புறப்பாடச் சான்றிதழ்களும் இருக்கட்டும். யூ.பி.யு. தேர்வில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. பள்ளி முடிந்ததும் தோட்டத்துக்குத் திரும்பும் வேன் கிளம்பிவிடுவதால், மாலை நடவடிக்கைகளில் நம் பிள்ளைகளின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. சீருடை இயக்கம், மன்றம், விளையாட்டு இவற்றில் ஒன்றிலாவது பொறுப்பு எடு. வாரத்தில் ஒருநாள் தாமதமாக வீடு திரும்ப வேனோட்டும் அங்கிளிடம் அப்பாவைப் பேசச் சொல். அந்தப் பத்து விழுக்காட்டில்தான் பல பேருக்கு இடம் கைமாறுகிறது.

நான்காம் படிவத்தில் பாடம் எடுக்கும்போது, கூட்டாளி எடுக்கவில்லை என்பதற்காகக் கூடுதல் கணிதத்தைக் கைவிடாதே. பொறியியல் பக்கம் பல கதவுகள் அதோடு சாத்திக்கொள்ளும். வரலாற்றையும் மலாய்மொழியையும் அலட்சியம் செய்யாதே. இந்த இரண்டில் ஒன்றில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கையில் கிடைக்காது.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய் என்று வளர்ந்த பிள்ளைக்கு, கல்லூரியில் விரிவுரை ஆங்கிலத்தில் ஓடும்போது முதல் பருவம் மூச்சுமுட்டும். அறிவு குறைவு என்று அதற்கு அர்த்தமில்லை, பழக்கம் இல்லை, அவ்வளவுதான். அரசாங்கப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். அந்த இடைவெளி மாதங்களில் தினமும் ஓர் ஆங்கிலச் செய்தியை வாய்விட்டுப் படி, பத்து வரியில் அதை உன் சொல்லில் எழுது. வேலை முடிந்து வந்த களைப்பிலும் இதைச் செய்ய முடியும்.

பணத்துக்கு வருவோம். உதவி கேட்க வெட்கப்படாதே. அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டிய காசில் மாதம் பத்து வெள்ளி (டாலர்) கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தச் சங்கம் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகிறது. வீட்டுப் பெட்டியில் பழைய பங்குப் பத்திரம் இருக்கிறதா என்று பாட்டியிடம் கேட்டுப் பார். அப்பா அம்மாவின் ஊழியர் சேமநிதியில் செஜாத்ரா என்ற பிரிவுக் கணக்கிலிருந்தும் பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். பி.டி.பி.டி.என். கடன் பதிவு நாளன்றே கைக்கு வந்துவிடாது, சில வாரங்கள் ஆகும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சேரும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு 1,500 ரிங்கிட் வரை முன்பணம் தரும் ஏற்பாடு உண்டு. அதற்குப் பதிவு நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாதச் செலவுக்கு, பகுதிநேர வேலையில் சம்பாதித்ததில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திரு. புதுக் கைப்பேசி அப்புறம் வாங்கலாம்.

சேர்ந்த பிறகு பணம் தீர்ந்துபோனால் அதை மறைக்காதே. மெகி மீயை மட்டும் தின்றுகொண்டு, வீட்டுக்குப் போன் செய்யும்போது "சாப்பிட்டேம்மா" என்று சொல்லும் பிள்ளைகள் ஒவ்வொரு விடுதியிலும் இருக்கிறார்கள். மாணவர் விவகாரப் பிரிவில் சாப்பாட்டுக்கூப்பன், அவசர உதவி, கட்டணத்தைத் தவணையில் கட்டும் வசதி என்று ஏதாவது ஒன்று இருக்கும். கட்டண பாக்கியால் தேர்வு எழுத முடியாமல் போவதற்கு முன்பே, பருவத்தின் முதல் மாதத்திலேயே அந்த அலுவலகத்துக்குப் போ. கடன் கடிதத்தின் நகலையும் அப்பாவின் சம்பளச் சீட்டையும் கையோடு கொண்டுபோ.