வொண்டர்வால்: பழைய தட்டை வாங்கி, கழுவி, படத்தோடு சேர்த்துக் கேட்க

ஜோ மஸோட் இயக்கிய 'வொண்டர்வால்' (1968) படத்தைப் பார்த்தவர்கள் குறைவு. சுவர் ஓட்டை வழியே பக்கத்து வீட்டுப் பெண்ணை (நடிகை ஜேன் பர்க்கின்) எட்டிப்பார்த்துக் கிறங்கிப்போகும் பேராசிரியர், கதை அவ்வளவே. அதன் இசைத்தட்டோ பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுடைய முதல் தனித் தட்டு, பீட்டில்ஸின் ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட முதல் எல்பி (முழுநீளத் தட்டு). அதில் ஒரு பகுதி 1968 ஜனவரியில் பம்பாய் எச்எம்வி ஸ்டுடியோவில் பதிவானது. வாசித்தவர்களில் இருவர்: சந்தூர் (குச்சியால் தட்டும் தந்தி வாத்தியம்) சிவகுமார் சர்மா, சரோட் (மீட்டும் தந்தி வாத்தியம்) ஆஷிஷ் கான்.

பிரிட்டிஷ் தட்டு என்றால் அதன் வெளியீட்டு எண்ணைப் பாருங்கள். 'ஆப்கார் 1' (APCOR 1) மோனோ, அதாவது ஒற்றைச் சேனல் ஒலி. முன்னால் ஒரு 'எஸ்' (SAPCOR 1) இருந்தால் ஸ்டீரியோ, இரட்டைச் சேனல். அட்டையில் ஒன்றும் லேபிளில் வேறொன்றும் இருந்தால் யாரோ உறையை மாற்றியிருக்கலாம். கேட்க மட்டும்தான் என்றால் மறுவெளியீடே போதும், பணம் மிச்சம்.

டியூப்லைட்டுக்கு அடியில் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் சத்தம் போடாது. நகத்தில் தட்டுப்படும் குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.8 விநாடிக்கு ஒருமுறை, 'டக்' என்னும். சந்தூர் தனியாக ஒலிக்கும் இடத்தில் அதைப் பொறுக்க முடியாது. அப்படிப்பட்ட தட்டை விட்டுவிடுங்கள்.

கழுவ 200 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 50 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு, தட்டின் வரிகளுக்குள் (ஊசி ஓடும் பள்ளங்கள்) காய்ந்து புதுச் சொடக்குகளை உண்டாக்கும். மென்மையான துணியால் வரிகளின் போக்கிலேயே துடையுங்கள், லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் வடிநீரால் ஒருமுறை துடைத்து, நிறுத்திவைத்துக் காயவிடுங்கள். வீட்டிலிருக்கும் 78 சுற்று அரக்குத் தட்டுகளை இந்தக் கலவை கரைத்துவிடும். அவற்றின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபயரின் 'ஃபோனோ' துளையில் சொருகுங்கள். மற்ற துளைகளில் சொருகினால் பேஸ் (கனமான கீழ் ஒலி) இல்லாமல் மெலிந்து கேட்கும்; பலர் தட்டைத்தான் குறை சொல்வார்கள். மோனோ தட்டு என்றால் மோனோ பொத்தானையும் அழுத்துங்கள். மோனோவில் இசை ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. தூசும் தேய்மானமும் ஊசியை மேலும் கீழும் ஆட்டும். இரண்டு சேனலும் கலக்கும்போது அந்த இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும்.

படத்தை முதலில் பாருங்கள். ஹாரிசன் ஸ்டாப்வாட்ச் வைத்துக் காட்சிகளை அளந்து இசையமைத்தார். அதனால்தான் ஒரு தட்டில் 19 துண்டுகள். தட்டை மட்டும் கேட்டால் பல துண்டுகள் பாதியில் அறுந்ததுபோல இருக்கும்.

எந்தப் பதிப்பு என்பதையும் கவனியுங்கள். 1990களில் மஸோட் சீரமைத்த பதிப்பில் ரீமோ ஃபோர் குழுவின் 'இன் த ஃபர்ஸ்ட் பிளேஸ்' வரும். 1968 தட்டில் அதைத் தேடாதீர்கள், கிடையாது.