டீசல் டிராக்டரில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டால்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பிசானப் பருவ நெல் நடவுக்குத் தொழி (சேற்று) உழவு நடக்கும் நாள்களில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வயல்களில் டிராக்டர் விடிந்தது முதல் இருட்டும்வரை ஓய்வில்லாமல் ஓடும். வண்டியைப் பெட்ரோல் பங்குக்கு ஓட்டிச் செல்ல நேரமில்லாமல் டீசலைக் கேனில் வாங்கி வந்து வரப்பில் வைத்தே ஊற்றுவதுதான் வழக்கம். டீசல் கேனும் மண்ணெண்ணெய்க் கேனும் அடுத்தடுத்து இருக்கும் வீட்டில் கேன் மாறிப்போவது அரிதான செய்தியன்று. செலவு குறையும் என்று நம்பி வேண்டுமென்றே கலப்பவர்களும் உண்டு. எப்படிக் கலந்திருந்தாலும் அதைக் கண்டுபிடிப்பது, இறக்குவது, வண்டியை மறுபடி ஓடவைப்பது ஆகிய வேலைகள் ஒன்றேதான்.

இடிந்தகரையிலும் உவரியிலும் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் மண்ணெண்ணெயில்தானே ஓடுகிறது, டிராக்டர் மட்டும் ஏன் ஓடாது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வள்ளத்தில் பொருத்தும் அவுட்போர்டு எஞ்சின், பொறி தந்து எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் உள்ளது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். பிரிட்டனில் ஒரு காலத்தில் ஓடிய மண்ணெண்ணெய் டிராக்டர்களும் அதே வகைதான். டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். இப்படித் தானாகப் பற்றும் தன்மையைச் சீட்டேன் எண் என்பார்கள். நம் நாட்டு டீசலுக்கு அது 51-க்குக் குறையக் கூடாது. மண்ணெண்ணெய்க்குப் பொதுவாக அதைவிடக் குறைவு. ஆகவே சற்றுத் தாமதமாகப் பற்றி, எஞ்சின் தட்டும் சத்தத்தோடு ஓடும், ஆனால் ஓடும். அமெரிக்க ராணுவம் ஜேபி-8 என்னும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளையே டீசல் வண்டிகளில் பயன்படுத்தியிருக்கிறது, வழுவழுப்புக்கான மருந்து சேர்த்து. கடுங்குளிர் நாடுகளில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து பில்டரை அடைக்காமலிருக்க மண்ணெண்ணெய் கலப்பதும் உண்மையே. மார்கழி இரவிலும் டீசல் உறையாத நம் ஊரில் அந்தக் காரணத்துக்கு இடமே இல்லை.

கெடுதல் எரியும் இடத்தில் இல்லை, டீசலை எஞ்சினுக்கு அழுத்தித் தள்ளும் பம்பில் இருக்கிறது. டீசல் பம்பினுள் முன்னும் பின்னும் நகரும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி மைக்ரான் கணக்கில் அளக்கப்படுவது. அங்கே உராய்வைத் தடுப்பது டீசலின் பசையே. 40 டிகிரி வெப்பத்தில் டீசலின் பாகுநிலை, அதாவது பசைத்தன்மை, 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும் என்று தரவிதி சொல்கிறது. மண்ணெண்ணெய் அந்தக் கீழ் எல்லைக்கும் கீழே நிற்கிறது. மெலிந்த எண்ணெய் பிளஞ்சரைத் தாண்டிக் கசிவதால் இழுவை குறையும். பம்ப் சூடான பிறகு வண்டியை நிறுத்திவிட்டுக் கிளப்பினால் எளிதில் பிடிக்காது. தேய்மானம் மெல்ல மெல்ல வருவதால், ஒரு போகம் முழுவதும் ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அடுத்த போகத்தில் பம்பைக் கழற்றிக் கொடுப்பார்.

முதலில் உங்கள் பம்ப் எந்த வகை என்று பாருங்கள். நீளமான உடலின் மேலிருந்து குழாய்கள் வரிசையாக எழுந்தால் அது இன்லைன் பம்ப். பிளஞ்சரைத் தள்ளும் அதன் கேம் பகுதிக்கு எஞ்சின் ஆயில் இருப்பதால் ஓரளவு தாங்கும். குழாய்கள் வட்டமான தலையைச் சுற்றிப் புறப்பட்டால் அது ரோட்டரி பம்ப். அதன் உறுப்புகள் அனைத்துக்கும் டீசலே மசகு, ஆகவே அது தாங்காது. அண்மைக்கால வண்டிகளில் வரும், ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா நாசிலுக்கும் டீசல் தரும் காமன் ரயில் அமைப்பு இன்னும் நுட்பமானது. இன்லைன் வண்டியில் டேங்கில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கலந்தது என்று உறுதியாகத் தெரிந்தால், மீதியை நல்ல டீசலால் நிரப்பி, ரோட்டவேட்டர் போடாமல் இலகுவான வேலைக்கு ஓட்டித் தீர்க்கலாம் என்பது என் கணிப்பு. மற்ற எல்லா நிலையிலும் இறக்குவதே சரி.

கலந்ததா என்ற ஐயம் மட்டும் இருந்தால் ஹைட்ரோமீட்டரால் அடர்த்தியைப் பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பங்கில் எழுதியிருக்கும் அடர்த்தி 15 டிகிரி வெப்பத்துக்குத் திருத்தப்பட்ட அளவு; டீசலின் அடர்த்தி ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிலோ குறையும். வள்ளியூர் வெயிலில் டீசல் 35 டிகிரியில் இருந்தால், 830 என்று இருக்க வேண்டியது 816 என்றே காட்டும். அதைப் பார்த்துக் கலப்படம் என்று பங்கில் சண்டைக்குப் போகக் கூடாது. 830 உள்ள டீசலில் 790 உள்ள மண்ணெண்ணெய் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால், திருத்திய பிறகும் 822-தான் வரும். அதாவது அவ்வளவு கலப்பு உண்டாக்கும் வேறுபாட்டைவிட நம் ஊர் வெயில் உண்டாக்கும் வேறுபாடு பெரிது. ஆகவே வெப்பமானியும் கூடவே வேண்டும்.

இறக்குவது என்று முடிவானால் வண்டியைக் கிளப்பாதீர்கள்; ஓடிக்கொண்டிருந்தால் அணையுங்கள். கூரைக்கு வெளியே, சமதளத்தில், அடுப்புக்கும் பீடிக்கும் தொலைவில் நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மண்ணெண்ணெயின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது அதன் ஆவி ஒரு பொறியில் பற்றும் சூடு, 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதே தரவிதி. சித்திரை வெயிலில் நின்ற டேங்க் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும். எனவே உச்சிவெயிலில் இந்த வேலை வேண்டாம், காலையில் செய்யுங்கள். டேங்கின் அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றி, இரும்புக் கேனில் பிடியுங்கள். வாய்க்காலில் ஒரு சொட்டும் விழக் கூடாது. இறக்கிய கலவையைத் திரி ஸ்டவ்வில் ஊற்றாதீர்கள். டீசல் திரியில் கருகிப் புகை கக்கும். கலப்பை போல்ட், சங்கிலி ஆகியவற்றைக் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, இரண்டு டீசல் பில்டர்களையும் மாற்றுங்கள். புதிய பில்டரை நல்ல டீசலால் நிரப்பிப் பொருத்தினால் பின்னால் காற்று எடுக்கும் வேலை பாதியாகும். சீலிங் வாஷர்கள் நசுங்கியிருந்தால் பழையதையே போட வேண்டாம். காற்று இழுப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

டேங்கை நிரப்பிய பிறகு, குழாய்களில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். டேங்கிலிருந்து, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் பக்கம் நோக்கி, வரிசை மாறாமல் செல்லுங்கள். பில்டர் தலையிலுள்ள சிறிய திருகை அரைச் சுற்றுத் தளர்த்தி கையால் டீசலை ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அழுத்தினால், முதலில் நுரையும், பிறகு குமிழ் கலந்த டீசலும், கடைசியில் கண்ணாடி போன்ற தெளிந்த ஒழுக்கும் வரும். பிரைமர் மேலே எழும் நேரத்தில் அல்லாமல், அழுத்திப் பிடித்திருக்கும்போதே திருகை இறுக்குங்கள். இல்லாவிட்டால் எடுத்த காற்று திரும்ப உள்ளே போகும். இதையே பம்பின் திருகிலும் செய்யுங்கள். அதன் பிறகும் பிடிக்காவிட்டால் பேட்டரியை இணைத்து, நாசில் குழாய்களின் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, சில நொடிகள் மட்டும் செல்ஃப் அடித்து, எண்ணெய் வந்ததும் இறுக்குங்கள். நாசில் தெறிக்கும் இடத்தில் கை வைக்கக் கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து எண்ணெயை உள்ளே செலுத்தும். காமன் ரயில் வண்டியில் இந்த நட்டுகளைத் தொடவே வேண்டாம், அங்கே அழுத்தம் 1000 பாரையும் தாண்டும்; அது மெக்கானிக் வேலை.

கலவை நஷ்டமாகிறதே என்று அதில் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2டி ஆயில் ஊற்றி ஓட்டும் பழக்கமும் உண்டு. வழுவழுப்பு கொஞ்சம் கூடும் என்பது மெய்யே. எவ்வளவு கூடியது என்று அளக்க வயலில் வழியில்லை. பழைய இன்லைன் வண்டிக்கு அவசரத்தில் உதவலாம் என்பதற்கு மேல் அதற்கு நான் மதிப்பளிக்க மாட்டேன். ரேஷனில் வந்த நீல மண்ணெண்ணெயை வண்டியில் ஊற்றுவதோ சட்டப்படியே குற்றம். சமையலுக்கும் விளக்குக்கும் அல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 1993-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணை சொல்கிறது.

    

வண்டி பிடித்ததும் ஐடிலில் சற்று நேரம் ஓடவிட்டு, வெண்புகை குறைகிறதா, தட்டும் சத்தம் அடங்குகிறதா என்று கவனியுங்கள். பிறகு அணைத்து, ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். அளவு உயர்ந்திருந்து மண்ணெண்ணெய் வாடையும் அடித்தால், பம்ப் வழியாக எண்ணெய் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றிய பிறகே வயலில் இறக்க வேண்டும். முதல் நாள் உழவு முடிந்த பின் ஒருமுறை சூட்டோடு அணைத்துக் கிளப்பிப் பாருங்கள். அப்போது பிடிக்க மறுத்தால் பம்பையும் நாசிலையும் கழற்றி, சோதனை மேடை உள்ள டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.