புது ப்ராசஸர்: தேர்ந்தெடுப்பதில் இருந்து மாட்டி முடிக்கும் வரை

என் அக்கா மகனுடைய கணினியில் கேம் மட்டும் ஓடினால் ஒரு தொல்லையும் இல்லை. கூடவே நண்பர்களோடு வாய்ஸ் சாட், பின்னால் இருபது டேப் திறந்த பிரவுசர், திரையைப் பதிவு செய்யும் மென்பொருள் எல்லாம் சேர்ந்துவிட்டால் படம் திக்கித் திக்கி நகரும். "மாமா, கிராபிக்ஸ் கார்டை மாத்திடலாமா?" என்று கேட்டான். கடைசியில் மாற்றியது ப்ராசஸரைத்தான். எப்படி அந்த முடிவுக்கு வந்தோம், எப்படி மாட்டினோம் என்று வரிசையாகச் சொல்கிறேன். இதுவரை கேபினெட்டைத் திறந்தே பார்க்காதவர்களும் செய்துவிடலாம்.

படி 1: தடை எங்கே என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். தேவையில்லாத பொருளை வாங்குவதெல்லாம் இதைச் செய்யாததால்தான்.

கேமில் ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், இரண்டு பேர் உழைக்கிறார்கள். யார் எங்கே நிற்கிறார்கள், எது எதில் மோதுகிறது என்று கணக்குப் போடுவது ப்ராசஸர். அதை வாங்கிப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. 144 வேண்டுமென்றால் 6.9 மில்லிநொடிதான். இருவரில் யார் தாமதித்தாலும் படம் தாமதிக்கும்.

கேம் செட்டிங்கில் வி-சிங்கையும் (பிரேம் வேகத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் வசதி) எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம் என்ற எண்) வரம்பையும் அணைத்துவிட்டு, கூட்டம் அதிகமுள்ள ஓர் இடத்தில் நின்று எஃப்பிஎஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசல்யூஷனை (படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை) 1920x1080-இல் இருந்து 1280x720-க்குக் குறைத்து அதே இடத்தில் மறுபடி பாருங்கள். ரெசல்யூஷன் குறைந்தால் வரைபவருடைய வேலை பாதிக்கும் கீழே போகும். கணக்குப் போடுபவருடைய வேலை அப்படியே இருக்கும். ஆகவே எண் நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டு. அசையாமல் நின்றால் பெரும்பாலும் ப்ராசஸர். எங்கள் சோதனையில் பின்னணி மென்பொருள்களை மூடிவிட்டு ரெசல்யூஷனைக் குறைத்தபோது எண் ஏறியது. அவை எல்லாம் ஓடும்போது எண் நகரவே இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியூ (ப்ராசஸரின் இன்னொரு பெயர்) வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, ஒவ்வொரு லாஜிக்கல் ப்ராசஸரையும், அதாவது த்ரெட்டையும், தனித்தனிக் கட்டமாகக் காட்டும்படி மாற்றுங்கள். மொத்தச் சதவீதத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். 16 த்ரெட் உள்ள ப்ராசஸரில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சில் திணறினாலும் மொத்தக் கணக்கு 6 சதவீதம் என்றுதான் காட்டும். கோர் என்பது ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி; த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் நடத்தும் ஒரு வேலை வரிசை. எங்களுடையது 4 கோர், 8 த்ரெட் கொண்ட, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3 3100. எட்டுக் கட்டமும் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் என்ன சந்தேகம்?

படி 2: எத்தனை கோர், எவ்வளவு கேச்

கேம்கள் பெரும்பாலும் சில த்ரெட்களின் மேல்தான் பாரத்தை ஏற்றும். புதிதாக வாங்குபவர் 6 கோர், 12 த்ரெட்டுக்குக் கீழே போக வேண்டாம். கேமோடு பதிவு, பேச்சு, பிரவுசர் எல்லாம் ஓடுமென்றால் 8 கோர், 16 த்ரெட் எடுங்கள். ரைசன் 9 9950எக்ஸ் போன்ற 16 கோர் ப்ராசஸர் வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங் செய்பவருக்கு நல்ல துணை. கேமுக்காக மட்டும் வாங்கினால் பாதிக் கோர்கள் சும்மா இருக்கும்.

கேமுக்குக் கோர் எண்ணிக்கையைவிட அதிகம் கவனிக்க வேண்டியது எல்3 கேச் என்பது என் கருத்து. அடிக்கடி தேவைப்படும் தரவு ப்ராசஸருக்குள்ளேயே இருந்தால், ஒவ்வொரு முறையும் ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) வரை போய்வரும் நேரம் மிச்சம். ஏஎம்டியின் பெயர்களில் 'எக்ஸ்3டி' என்று வந்தால் கூடுதல் கேச் அடுக்கியது என்று அர்த்தம். ரைசன் 7 9700எக்ஸில் 32 எம்பி எல்3 இருக்கிறது. அதே 8 கோர் கொண்ட 9800எக்ஸ்3டி-இல் 96 எம்பி. உலகம் முழுவதையும் கணக்கில் வைத்திருக்கும் உத்தி விளையாட்டுகளிலும் சிமுலேஷன்களிலும் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கிகாஹெர்ட்ஸ் எண்ணை ஒரே தலைமுறைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். இன்டெலில் கோர்களிலேயே இரண்டு வகை உண்டு. கோர் ஐ5-14600கே-வின் 14 கோர்களில் வேகமானவை 6, சிக்கனமானவை 8. இந்த 14-ஐ ரைசனின் 8 அருகே வைத்து அப்படியே கூட்டிக் கழிக்கக் கூடாது. பெயரின் முடிவில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு கட்டாயம்.

படி 3: சாக்கெட், பயாஸ்

ப்ராசஸர் உட்காரும் இடம் சாக்கெட். ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட்டுக்கு உரியது ஏஎம்5-இல் உட்காராது. இன்டெலில் எல்ஜிஏ 1700-க்கு உரியது எல்ஜிஏ 1851-இல் உட்காராது. உங்கள் மதர்போர்டின் (எல்லாப் பாகங்களும் செருகப்படும் முதன்மைப் பலகை) பெயரைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, ஆதரிக்கும் ப்ராசஸர் பட்டியலைத் திறங்கள். எங்கள் ஏஎம்4 சாக்கெட் கொண்ட பி450 போர்டின் பட்டியலில் ரைசன் 7 5700எக்ஸ் இருந்தது. ஏஎம்4-இல் முதல் ரைசன் வந்தது 2017-இல். 2022-இல் வந்த இந்த 8 கோர் ப்ராசஸரும் அதே சாக்கெட்டில் உட்காரும். போர்டு, ராம் எதையும் மாற்றாமல் வேலை முடிந்தது. புதிதாகவே கட்டுபவர் ஏஎம்5 பக்கம் போகலாம். அதற்கு டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும்.

அதே பட்டியலில், எந்தப் பயாஸ் (கணினியை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பில் இருந்து ஆதரவு என்றும் போட்டிருப்பார்கள். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். மாட்டிய பிறகு நினைவுக்கு வந்தால் கணினி எழுந்தே வராமல் போகலாம். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கும் இது முக்கியம்: அவற்றில் சில, மின்னழுத்தச் சிக்கலால் நிலைதடுமாறின. 2024 ஆகஸ்டில் இருந்து திருத்தங்கள் வந்தன. அவை புதிய பயாஸில்தான் கிடைக்கும்.

விண்டோஸில் பிட்லாக்கர் (கோப்புகளைப் பூட்டிக் காக்கும் வசதி) இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டை இப்போதே தாளில் எழுதி வையுங்கள். ப்ராசஸர் மாறியதும் அது கேட்கக்கூடும். குறியீடு இல்லையென்றால் கோப்புகளைத் திறக்க முடியாது.

படி 4: பழையதைக் கழற்றுதல்

முதலில் பத்து நிமிடம் ஏதாவது கேமை ஓட்டுங்கள். சூட்டில் தெர்மல் பேஸ்ட், அதாவது ப்ராசஸருக்கும் அதன் மேல் உள்ள கூலருக்கும் (குளிர்விப்பான்) நடுவே வெப்பத்தைக் கடத்தும் பசை, இளகும். பிறகு கணினியை அணைத்து, மின் கம்பியைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். கூலரின் திருகுகளையோ கொக்கிகளையோ விடுவித்ததும் நேராக மேலே இழுக்காதீர்கள். ஏஎம்4-இல் பின்கள் (மெல்லிய உலோகக் கால்கள்) ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. பேஸ்ட் இறுகியிருந்தால் கூலரோடு ப்ராசஸரும் பிய்த்துக்கொண்டு வந்து பின் வளைந்துவிடும். இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். ஒட்டியிருந்தது விட்டுக்கொடுப்பதைக் கை உணரும். அப்போது தூக்குங்கள்.

படி 5: புதியதை உட்கார வைத்தல்

சாக்கெட்டின் பக்கத்தில் உள்ள சிறு நெம்புகோலைச் செங்குத்தாகத் தூக்கிப் பழையதை எடுங்கள். புதியதை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். அதன் ஒரு மூலையில் தங்க நிறச் சிறு முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் அதே அடையாளம் உண்டு. இரண்டு அடையாளங்களும் ஒரே மூலையில் வரும்படி மேலே வைத்தால் தன் எடையிலேயே இறங்கி உட்காரும். அழுத்தவே கூடாது. இறங்கவில்லையென்றால் எடுத்து, பின்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உட்கார்ந்ததும் நெம்புகோலை இறக்குங்கள்.

ஏஎம்5-இலும் இன்டெலிலும் பின்கள் சாக்கெட்டில் இருக்கும். அவற்றின் மேல் விரலோ துணியோ படக் கூடாது. அங்கே நெம்புகோலை இறக்கக் கொஞ்சம் பலம் தேவைப்படும், 'கிறீச்' என்று சத்தமும் வரும். பயப்பட வேண்டாம்.

பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, நடுவில் வைத்தால் போதும். கூலர் புதியதென்றால் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். பழையதென்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது, தனியாக வாங்க வேண்டும். அது 65 வாட் ப்ராசஸர் என்பதால் சாதாரணக் காற்றுக் கூலரே போதும். கோர் ஐ9-14900கே போன்றவை உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும், அதற்குப் பெரிய கூலர் வேண்டும். விசிறியின் ஒயரை 'சிபியூ ஃபேன்' என்று எழுதிய முனையில் செருகுங்கள்.

படி 6: முதல் தடவை ஆன் செய்தல்

பயாஸுக்குள் போய்ப் புது ப்ராசஸரின் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ராம் வேகத்தையும் பாருங்கள்: 3200 என்று எழுதிய ராம் 2133-இல் ஓடிக்கொண்டிருக்கலாம். எக்ஸ்எம்பி, ஏஎம்5-இல் எக்ஸ்போ, என்ற அமைப்பை இயக்கினால் சரியாகும். ராம் இரண்டு என்றால் பொதுவாக இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும்.

பிறகு அரை மணி நேரம் கேம் ஓட்டி வெப்பத்தைக் கவனியுங்கள். 5700எக்ஸின் உச்ச வரம்பு 90 டிகிரி செல்சியஸ். அதை ஒட்டியே நின்றால் கூலர் சரியாக அமரவில்லை, கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

கடைசியாக, முதல் படியின் சோதனையை அப்படியே திரும்பச் செய்யுங்கள். வாய்ஸ் சாட், இருபது டேப், பதிவு எல்லாம் ஓடும்போதே நாங்கள் ரெசல்யூஷனைக் குறைத்தோம். இந்த முறை எண் ஏறியது.