மெட்ராஸ் டெரஸ் கட்டையில் ஒரு பெஞ்சு

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ பழைய வீடு இடிபடுகிறது என்றால், மாடியைத் தாங்கிய கட்டைகளை முதலில் விசாரியுங்கள். மெட்ராஸ் டெரஸ் கூரையில் இவற்றை நெருக்கமாகப் பரப்பி, மேலே சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் சாய்வரிசையாக நிறுத்திக் கட்டினார்கள். பல வீடுகளில் பர்மா தேக்கு. வைரம் பாய்ந்து நன்றாக உலர்ந்த இந்த மரம் கிடைக்கும்போது புதுத் தேக்கு வாங்க எனக்கு மனம் வராது.

வாங்கும்போது முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். சுவருக்குள் புதைந்திருந்த பகுதிதான் மக்கியிருக்கும். அதைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.

ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கொஞ்சம் மிஞ்சினாலும் இழைப்புளி மழுங்கிவிடும்.

அப்புறம் ஆணி. இங்கே அவசரமே கூடாது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டி, கட்டையின் நான்கு பக்கமும் மெதுவாக நகர்த்துங்கள். இழுக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மரம் கறுத்திருக்கும் இடத்தை இரண்டு முறை பாருங்கள், அடியில் துருப்பிடித்த இரும்பு இருக்கலாம். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அதனால் கதவு, ஜன்னல் மரம் என்றால் கீல் இருந்த இடங்களைக் கண்ணாலும் தேட வேண்டும். தலை உடைந்த ஆணியைச் சுற்றிச் சிறிய உளியால் பள்ளம் பறித்து, குறடுக்கு அடியில் மரத்துண்டு வைத்து நெம்புங்கள். வராவிட்டால் அந்தத் துண்டையே அறுத்துவிடுவது நல்லது. மின் இழைப்புளியை ஆரம்பக்காரர்களுக்கு நான் சொல்லமாட்டேன். கை இழைப்புளி ஆணியில் பட்டால் பிளேடைத் தீட்டிக்கொள்ளலாம்.

சரி, பெஞ்சு. 4 அடி நீளத்தில் நான்கு கட்டைகள், அடியில் இரண்டு குறுக்குச் சட்டம், 16 அங்குலத்தில் நான்கு கால். காலின் முனையைச் செதுக்கிக் கழுந்து (துளையில் நுழையும் மெல்லிய முனை) எடுத்துச் சட்டத்தின் துளையில் இறக்குங்கள். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. இழைத்த அன்றே ஃபெவிகால் மரைன் என்ற தண்ணீர் தாங்கும் மரப்பசை போட்டு இறுக்குங்கள். மேல்கட்டைகளை ஒட்டாமல், இடையில் 3 மில்லிமீட்டர் விட்டுத் துருப்பிடிக்காத திருகாணியால் பூட்டுங்கள். ஐப்பசி மழையில் மரம் உப்ப இடம் வேண்டும்.

மேல்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள்.

பிற்சேர்க்கை: பெயின்ட் அடித்த பழைய கதவைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் அதிகம் இருக்கலாம், அதனால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.