மதுரையிலிருந்து கொடைக்கு முதல் முறை காரோட்டிப் போகிறவர்களுக்கு: இரண்டு நாள் திட்டம், படிப்படியாக

மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். "மூணு மணி நேரத்துல மேல போயிரலாம்" என்று யாராவது சொல்வார்கள். எங்கும் நிற்காமல் ஓட்டினால் போய்விடலாம்தான். ஆனால் வழியில் நாலு இடம் நின்று பார்க்கவும், கொஞ்சம் நடக்கவும் ஆசைப்பட்டால் அந்தக் கணக்கு உதவாது. பாதித் தூரம் சமவெளி. மீதிப் பாதியில் சாலை 2,133 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது, அங்கே சராசரி வேகம் மணிக்கு 25, 30 கிலோமீட்டருக்கு மேல் வராது. மலைக்குத் திட்டம் போடும்போது கிலோமீட்டரை மறந்துவிட்டு மணியைப் பாருங்கள். கீழே வருவதெல்லாம் அந்தக் கணக்குதான்.

1. நாளைத் தேர்ந்தெடுப்பது

ஏப்ரல், மே மாதங்களில் ஊரே மலையில் இருக்கும். முதல் தடவை மலைச்சாலையில் ஓட்டுகிறவர்கள் அந்த நெரிசலில் போய் மாட்ட வேண்டாம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முற்பாதி வரை வடகிழக்குப் பருவமழை. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்குப் பலத்த மழை கொடுப்பது அதுதான், மண்சரிவும் மரம் விழுவதும் அந்த மாதங்களில் சகஜம். ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் இரவில் குளிர் எலும்பைத் தொடும். எங்களைக் கேட்டால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை, அதிலும் செவ்வாய், புதன் போன்ற வார நாட்கள்தான் புதியவர்களுக்குத் தோது.

இ-பாஸ் மறக்கக்கூடாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்களுக்கு இது கட்டாயம். அரசின் இ-பாஸ் இணையதளத்தில் வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, போகும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது. 2025 சீசனில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள். எனவே சீசனில் போவதாக இருந்தால் அறை போடும் முன்பே பாஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள். பலர் அறைக்குப் பணம் கட்டிவிட்டுப் பிறகு பாஸ் தேடுகிறார்கள். பாஸைப் படம் பிடித்து செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள், செக்போஸ்ட்டில் சிக்னல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

2. வண்டியைப் பார்ப்பது

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு பாருங்கள். முந்தின நாள் பார்த்துப் பழுது தெரிந்தால் சரிசெய்ய நேரம் இருக்காது.

டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். ஐந்து பேர், மூட்டை முடிச்சு என்றால் 'முழுச் சுமை' என்று போட்டிருக்கும் அளவை வையுங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். மலைக்கென்று காற்றைக் கூட்டுவதோ குறைப்பதோ தேவையில்லாத வேலை. ஸ்டெப்னியிலும் காற்று இருக்க வேண்டும். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் டிக்கியில் எங்கே இருக்கின்றன என்று தெரிந்து வைத்திருங்கள்.

பிரேக் ஆயிலும் கூலன்டும் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருக்கின்றனவா பாருங்கள். பிரேக் ஆயில் பழசாகிவிட்டால் அதில் ஈரம் சேர்ந்திருக்கும். இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகும், மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கடைசியாக மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றால் மாற்றிவிட்டே கிளம்புங்கள். வைப்பர், முகப்பு விளக்கு, கண்ணாடியில் படியும் ஆவியை எடுக்கும் புளோயர் மூன்றையும் போட்டுப் பாருங்கள், மேலே மூடுபனி வந்தால் இவைதான் கண்.

பெட்ரோல் கணக்கு ஒன்று, உதாரணத்துக்கு. சமவெளியில் லிட்டருக்கு 18 கொடுக்கும் கார் என்று வையுங்கள். சமவெளியில் போக வர 120 கிலோமீட்டருக்கு 7 லிட்டர். ஏற்றம் 60 கிலோமீட்டருக்கு, லிட்டருக்குப் பத்துதான் கொடுக்கும் என்று வைத்து, 6 லிட்டர். ஊருக்குள் சுற்ற 4, இறக்கத்துக்கு 3. மொத்தம் 20. கையிருப்பாக 5 சேர்த்து 25 லிட்டர். வத்தலக்குண்டிலேயே நிரப்பிவிடுங்கள்.

3. முதல் நாள்: நேரப் பட்டியல்

காலை 5 மணிக்கு பாத்திமா கல்லூரியைத் தாண்டியிருக்க வேண்டும். பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி, நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டுக்கு ஆறரைக்குள் வந்துவிடலாம். காலைச் சாப்பாடு இங்கேயே. இட்லி இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பொங்கலும் வடையும் பூரியும் உள்ளே போனால் பத்தாவது வளைவில் வெளியே வரப் பார்க்கும். வாந்தி வரும் சுபாவம் உள்ளவரை முன்சீட்டில் உட்கார வையுங்கள், செல்போனைப் பார்க்க விடாதீர்கள், கண் சாலையின் தூரத்தில் இருக்கட்டும். மருத்துவர் சொன்ன மாத்திரை இருந்தால் மலை ஏறுவதற்கு அரைமணி முன்பே, அதாவது வத்தலக்குண்டிலேயே, போட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை.

ஏழே காலுக்குக் கிளம்பினால் காட்ரோடு. பெரியகுளம் போகும் சாலையிலிருந்து மலைப்பாதை பிரியும் இடம் இது. இதற்கு மேல்தான் நிஜமான ஓட்டம்.

முதல் நிறுத்தம் டம்டம் பாறை. கீழே மஞ்சளாறு அணை, எதிர்மலையில் எலிவால் அருவி என்று எல்லோரும் சொல்லும் தலையாறு அருவி. 297 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே கோடாக விழுகிறது, தூரத்திலிருந்து பார்க்க உண்மையிலேயே எலியின் வால் மாதிரிதான். காலை வெயில் அந்தப் பாறைமீது படும்போது நன்றாகத் தெரியும், கோடையில் நூலாக இளைத்திருக்கும். இருபது நிமிடம் போதும். குரங்குகள் கூட்டமாக இருக்கும், கையில் தின்பண்டத்தோடு இறங்காதீர்கள், கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்குங்கள்.

அடுத்து பெருமாள்மலையில் ஒரு டீ. காது அடைத்திருந்தால் எச்சிலை விழுங்கினாலோ மிட்டாய் சப்பினாலோ விட்டுவிடும். கொடைக்கு 8 கிலோமீட்டர் முன்னால் வெள்ளி நீர்வீழ்ச்சி, ஏரியின் உபரிநீர் வந்து விழும் இடம். உண்மையைச் சொன்னால் இங்கே அருவியைவிடக் கூட்டமும் கடைகளும்தான் அதிகம். வண்டி நிறுத்த இடம் இல்லையென்றால் கவலைப்படாமல் தாண்டிப் போங்கள்.

பத்தரைக்கு ஊருக்குள் நுழைந்ததும் அறைக்குப் போகாதீர்கள். நேராகக் கோக்கர்ஸ் வாக், பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டிப் போகும் நடைபாதை. காரணம் இருக்கிறது: வெயில் ஏற ஏற அடிவாரத்தின் ஈரக்காற்று சூடாகி மலைச்சரிவைப் பிடித்து மேலே வரும், வரும்போதே குளிர்ந்து மேகமாகும். மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு அந்த மேகம் விளிம்பில் வந்து உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளைத் திரைதான். 1872இல் போட்ட இந்த நடைபாதை சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம், சமதளம், வயதானவர்களும் நடக்கலாம். மேகம் மூடியபின் சாப்பாடு, அறை, தூக்கம். மாலையில் ஏரியைச் சுற்றி நடந்தால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம்.

முதல் நாளுக்கு இதோடு நிறுத்துங்கள். தூண் பாறை, குணா குகை, பைன் காடு எல்லாவற்றையும் அன்றே சேர்த்தால் நாள் முழுக்க டிராஃபிக்கில் முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பீர்கள்.

4. கொண்டை ஊசி வளைவில் என்ன செய்வது

ஏறும்போது கியரை வளைவுக்கு முன்பே குறையுங்கள். பெரும்பாலும் இரண்டாவது, செங்குத்தாக இருந்தால் முதல் கியர். வளைவின் நடுவில் கியர் மாற்றப் போனால் வேகம் செத்து வண்டி பின்னால் உருளும். ஹாரன் அடியுங்கள், எதிரே இருக்கும் குவிகண்ணாடியைப் பாருங்கள், இடப்பக்கத்தை விடாதீர்கள்.

எதிரே பேருந்து வந்தால் வளைவுக்குள் நுழையாமல் பத்து மீட்டர் முன்னாலேயே நின்றுவிடுங்கள். நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால்தான் ஓட்டுநர் முழுச் சாலையையும் எடுத்துத் திரும்புகிறார், அவருக்கு வேறு வழியில்லை. உள்பக்கம் இடம் இருக்கிறதே என்று நீங்கள் மூக்கை நுழைத்தால் அந்தப் பின்சக்கரம் உங்கள் கதவுக்குத்தான் வரும். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி எடுப்பது கஷ்டம் என்பதுதான் இதன் நியாயம்.

ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட் பிரேக் போடுங்கள். கிளம்பும்போது கிளட்சை மெல்ல விட்டு, வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். கிளட்சைப் பாதி மிதித்தபடி வண்டியைத் தொங்கவிட்டால் ஐந்து நிமிடத்தில் கருகல் நாற்றம் வரும். சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தால் கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாகப் போடுங்கள். இதைச் செய்யாதவர்கள் ஏராளம். இரவில் பைக்கில் வருகிறவன் அந்தக் கல்லில்தான் விழுகிறான்.

5. இரண்டாம் நாள் நடை: டால்பின் மூக்கு

காலை ஆறரைக்கு வட்டக்கானலில் இருங்கள். சாலை குறுகல், வண்டி நிறுத்த இடம் கொஞ்சம்தான், ஒன்பது மணிக்கு மேல் அதுவும் கிடைக்காது. சாலை முடியும் இடத்திலிருந்து, பள்ளத்தாக்குக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் டால்பின் மூக்குப் பாறைக்கு ஒற்றையடிப் பாதை சோலைக்காட்டுக்குள் இறங்குகிறது, படிக்கட்டு மாதிரி மரவேர்கள். போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். ஏமாற்றுவதே இதுதான், சுலபமாக இறங்கிவிட்டுத் திரும்பும்போது மூச்சு வாங்கும். போக 40 நிமிடம், வர ஒரு மணி நேரம் என்று வையுங்கள். புதிய பாதை எதிலும் 300 மீட்டர் உயர ஏற்றத்துக்கு நடக்கும் நேரத்தோடு அரைமணி கூடுதலாகச் சேர்ப்பது பாதுகாப்பான கணக்கு.

அடிப்பகுதி பிடிப்புள்ள ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். ஈரவேரின் மேல் கால் வைக்காமல் வேருக்கு இடையில் உள்ள மண்ணில் வையுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், வீட்டு பாட்டிலில். கொடையில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. பாறையின் நுனியில் தடுப்பு கிடையாது, காற்று திடீரென்று அடிக்கும். விளிம்பிலிருந்து ஓர் ஆள் நீளம் தள்ளி நில்லுங்கள். மழை பெய்தாலோ முந்தின இரவு பெய்திருந்தாலோ இந்த நடையை விட்டுவிடுங்கள்.

இதே பாதை இன்னும் கீழே வெள்ளகவிக்கும் கும்பக்கரைக்கும் போகிறது. இது முழுநாள் இறக்கம், வண்டியை மேலே விட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஆகாது. காப்புக்காட்டுக்குள் போகும் எந்தப் பாதைக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்த பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. நீண்ட மலையேற்றத்தில் ஆசை இருந்தால், 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளோடு தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' மூலம் வழிகாட்டியோடு போகலாம்.

வழியில் காட்டுமாடு நின்றால் படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். சாதுவாக மேயும், ஆனால் ஒரு டன் எடை வரை இருக்கும். அது நகரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

6. திரும்புவது: தாண்டிக்குடி வழி

பன்னிரண்டுக்குக் கிளம்புங்கள். மழையில்லை, வெளிச்சம் இருக்கிறது என்றால் வந்த வழியே போக வேண்டாம். பெருமாள்மலை தாண்டி ஊத்துப் பக்கம் பிரிந்து, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, சித்தரேவு வழியாக வத்தலக்குண்டுக்கு இறங்கலாம். சாலை குறுகல், ஆனால் நெரிசல் இல்லை. இரு பக்கமும் சவுக்கு மரத்தைப் போல ஓங்கிய சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, நிழலில் காப்பிச் செடி. கோடையின் முதல் மழைக்குப் பின் மார்ச், ஏப்ரலில் காப்பி பூத்தால் கிளை தெரியாது, வெள்ளைச் சரம்தான், வாசனை நம் மல்லிகைக்குச் சொந்தக்காரி மாதிரி. தாண்டிக்குடி முருகன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி அரைமணி நடங்கள். மழையோ மூடுபனியோ இருந்தால் இந்த வழியை மறந்துவிட்டு வந்த பாதையிலேயே இறங்குங்கள்.

இறங்கும்போது, எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியர்தான். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 'எல்' அல்லது கையால் மாற்றும் முறையில் போடுங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டால் என்ஜினின் பிடி போய் வண்டியின் மொத்த எடையும் பிரேக்கின் தலையில் விழும். எஞ்சினையே அணைத்துவிட்டாலோ இரண்டு மூன்று மிதிக்குப் பின் பெடல் கல்லாகும், ஸ்டியரிங்கும் கனக்கும். பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். அழுத்தமாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் விடுதல், அவ்வளவுதான்.

கருகல் வாடை வந்தாலோ பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ அகலமான இடத்தில் ஒதுங்கி அரைமணி நில்லுங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கும் டிஸ்க் கோணிக்கொள்ளும்.

வத்தலக்குண்டு வந்ததும் ஒரு டீக்கு நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே மாதிரி சுட்டால் சரி. ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடாமல் கவ்விக்கொண்டிருக்கிறது. அப்படியே மதுரைக்கு ஓட்டாதீர்கள், வத்தலக்குண்டிலேயே மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள்.